இலையின் சமையலும் நம் தோட்டங்களின் கதையும்



இன்றைய உரையை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பால்மரத்தின் பட்டையில் உளி படுகிறது. வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக மங்கில் இறங்குகிறது. அந்தப் பால் எங்கிருந்து வருகிறது?

எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டேன். "பட்டையிலிருந்து வருது சார்" என்றான் ஒருவன். "இல்ல சார், வேர் மண்ணை உறிஞ்சுது, அதுதான் பாலா மாறுது" என்றாள் ஒரு மாணவி. "உரம் போடுறாங்களே, அதுலேருந்துதான் சார்" என்றான் இன்னொருவன். தலைக்கு மேலே இருக்கும் இலையை ஒருவரும் சுட்டிக் காட்டவில்லை. இது பிள்ளைகளின் குறையன்று. செடி மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்று உலகத்து அறிஞர்களே ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் நம்பியிருந்தார்கள்.

ஆனால் என் தாயார் அப்படி நம்பவில்லை. அவர் பால்மரத் தொழிலாளி. மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். நான் சிறுவனாக இருந்தபோது, மரங்கள் இலையுதிர்க்கும் மாதத்தில் ஒரு நாள், பால் நிறுக்கும் இடத்தில் அவரோடு நின்றிருந்தேன். கிராணி தராசைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, போன மாசத்துல பாதிகூட இல்லையே! உளி தூங்குதா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மரங்களை அண்ணாந்து பார்த்து, "மரத்துக்கே தலையில முடி இல்ல. பால் மட்டும் எங்கேருந்து வரும்?" என்றார். பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் பாடம் படித்தபோதுதான், அம்மா சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது எனக்கு விளங்கியது. அந்த உண்மையை உலகம் எப்படிக் கண்டுபிடித்தது, அது நம் தோட்டங்களின் வரலாற்றோடு எங்கெங்கே வந்து கலக்கிறது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஐரோப்பாவுக்குச் செல்வோம். இன்றைய பெல்ஜியம் நாட்டில் 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் வாழ்ந்தார். மரம் மண்ணைத் தின்கிறது என்றால், மரம் வளர வளர மண் குறைய வேண்டுமல்லவா? நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று அவர் எண்ணினார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். மரத்தின் எடை 169 பவுண்டு. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தார். குறைந்திருந்தது சுமார் 2 அவுன்ஸ் மட்டுமே! அப்படியென்றால் மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு பாதி சரி, பாதி தவறு. ஆயினும் மண்ணைத் தின்றுதான் மரம் வளர்கிறது என்ற பழைய நம்பிக்கை அத்துடன் ஆட்டம் கண்டது. அவர் மறைந்த பின், 1648ஆம் ஆண்டில் இந்தச் செய்தி நூலாக வெளிவந்தது.

மீதிப் பாதி எங்கே இருந்தது? காற்றில் இருந்தது. 1771ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் ஒரு சோதனை செய்தார். மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவர்த்தியை எரியவிட்டால், சற்று நேரத்தில் அது அணைந்துவிடும். உள்ளே இருக்கும் காற்று கெட்டுப்போகிறது. அந்தக் கெட்ட காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். 10 நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் நன்றாக எரிந்தது. கெட்ட காற்றைச் செடி நல்ல காற்றாக மாற்றிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். சில சமயம் இந்தச் சோதனை பலித்தது, சில சமயம் பலிக்கவில்லை. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை.

காரணத்தைக் கண்டவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். 1779ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், லண்டனுக்கு அருகே ஒரு வீட்டில் தங்கி, 500க்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். இலைகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்தார். சிறு சிறு குமிழிகள் புறப்பட்டன. நிழலுக்கு மாற்றினார், குமிழிகள் நின்றன. செடி காற்றைத் தூய்மையாக்குவது வெயில் வெளிச்சத்தில் மட்டுமே. அதுவும் அதன் பச்சை நிறப் பகுதிகளில் மட்டுமே என்று அவர் எழுதினார்.

நேயர்களே, இந்தச் சோதனையை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கால்வாயிலோ குட்டையிலோ கிடைக்கும் நீர்ப்பாசிக் கொடியைக் கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீரோடு போட்டு வெயிலில் வையுங்கள். சற்று நேரத்தில் கொடியிலிருந்து குமிழிகள் கிளம்பும். குவளையைக் கறுப்புத் துணியால் மூடினால் அவை அடங்கிவிடும். அந்தக் குமிழிதான் நாம் மூச்சு விடும் பிராணவாயு. பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். பத்துப் பாடம் சொல்வதைவிட இந்த ஒரு குவளை நன்றாகச் சொல்லும்.

அதன் பிறகு உண்மைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. 1782இல் ஜெனீவா நகரைச் சேர்ந்த செனெபியே, காற்றிலுள்ள கரியமில வாயுவைத்தான் இலை எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார். 1804இல் அதே நகரைச் சேர்ந்த சோசூர், செடி தண்ணீரையும் தன் உடலோடு சேர்த்துக்கொள்கிறது என்பதை எடைக் கணக்கால் நிறுவினார். ஆக, அடுப்பு இலை, அரிசி கரியமில வாயு, உலைநீர் வேர் அனுப்பும் தண்ணீர், நெருப்பு வெயில். இந்தச் சமையலுக்குத்தான் ஒளிச்சேர்க்கை என்று பெயர். சமைத்து இறக்கும் பண்டம் சர்க்கரை. சமையலின்போது வெளியேறுவது பிராணவாயு. இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையம்தான் வெயிலைப் பிடித்துத் தருகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இங்கன்ஹவுஸ் சோதனை செய்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1786இல் பினாங்குத் தீவில் ஆங்கிலேயரின் கொடி ஏறியது. 1800இல் கடலுக்கு அக்கரையிலிருந்த நிலப்பகுதியும் அவர்கள் கைக்கு வந்தது. அதற்கு வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயரிட்டார்கள். இன்று அதை நாம் செபராங் பிறை என்கிறோம். அங்கே முதலில் கரும்பு நட்டவர்கள் சீனர்கள். 1840களில் ஆங்கிலத் துரைமார்கள் பெரிய அளவில் கரும்புத் தோட்டங்களைத் திறந்தார்கள். காடு அழிக்கவும், வாய்க்கால் வெட்டவும், கரும்பு நடவும், வெட்டவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். தமிழகத்திலிருந்து நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார்கள். ஒப்பந்தக் கூலிகள் என்று அவர்களுக்குப் பெயர். ஒப்பந்தக் காலம் முடியும் முன்னர் தோட்டத்தை விட்டு வெளியேறினால் சிறைத்தண்டனை. காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் பலியானவர் பலர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது.

அந்தக் கரும்பின் சாறு எங்கிருந்து வந்தது? கரும்பின் நீண்ட இலைகள் வெயிலைப் பிடித்துச் சர்க்கரையாக்கித் தண்டுக்குள் இறக்கி வைத்தன. நிபோங் திபால், பத்து காவான் பக்கம் அடித்த வெயில்தான் லண்டன் கடைகளில் சர்க்கரையாக விற்றது. அதே வெயிலில் முதுகு கருகியவர்கள் நம்மவர்கள்.

வெயில் எப்படிச் சர்க்கரைக்குள் புகுந்து தங்க முடியும்? இதை விளக்கிய அறிஞருக்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1840இல் கப்பல் வைத்தியராக ஜாவாத் தீவுக்கு வந்தார். சுராபாயாவில் மாலுமிகளுக்கு நரம்பைக் கீறி இரத்தம் எடுத்தபோது, அது வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதைக் கண்டார். வெப்ப நாட்டில் உடலைச் சூடாக வைத்துக்கொள்ள உள்ளே அதிகம் எரிக்கத் தேவையில்லை போலும் என்று சிந்தித்தார். அந்தச் சிந்தனை வளர்ந்து, ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்ற பெரிய கருத்தாயிற்று. 1845இல் அவர் எழுதிய நூலில், செடிகள் ஓடிப்போகும் வெளிச்சத்தைப் பிடித்து, உணவின் உள்ளே ஆற்றலாகச் சேமித்து வைக்கின்றன என்று கூறினார். நாம் சோறு உண்டு தெம்பாக நடக்கிறோம் என்றால், நெல்லின் இலை பிடித்து வைத்த வெயிலைத்தான் செலவழிக்கிறோம் என்பது பொருள்.

இலைக்குள்ளேயே உணவு உண்டாகிறது என்பதைக் கண்ணால் காணும்படி செய்தவர் ஜூலியஸ் சாக்ஸ் என்ற ஜெர்மானியர். 1860களில் அவர் இலையின் ஒரு பகுதியை மறைத்து, மறுபகுதியில் வெயில் படவிட்டார். பிறகு இலையின் பச்சையை நீக்கி, அயோடின் மருந்தைத் தடவினார். வெயில் பட்ட பகுதி கருநீலமாயிற்று. மறைத்த பகுதி அப்படி மாறவில்லை. மாவுச்சத்தின் மேல் அயோடின் பட்டால் கருநீலமாகும். வெயில் பட்ட இடத்தில் மட்டும் மாவுச்சத்து இருந்தது என்பது இதனால் உறுதியாயிற்று.

அடுத்து ரப்பரின் கதை. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சில ஆயிரம் மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். மோட்டார் வண்டி பெருகியது, ரப்பரின் விலை ஏறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செபராங் பிறையில் கரும்பு மறைந்து, அதே நிலத்தில் பால்மரம் நின்றது. கரும்பு வெட்டிய கைகளின் பிள்ளைகள் உளி பிடித்தார்கள்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லலாம். இலை சமைத்த சர்க்கரை பட்டையின் வழியாகக் கீழிறங்குகிறது. பட்டைக்குள் பால் ஓடும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. அங்கே அந்தச் சர்க்கரை ரப்பராக மாறுகிறது. நூறு கிராம் தூய ரப்பரை எடுத்துப் பிரித்துப் பார்த்தால், ஏறக்குறைய 88 கிராம் கரியும் 12 கிராம் ஹைட்ரஜனும் இருக்கும், வேறொன்றும் இராது. அந்தக் கரி காற்றிலிருந்து வந்தது. ஹைட்ரஜன் தண்ணீரிலிருந்து வந்தது. மண்ணிலிருந்து வந்தது அதில் ஒரு குன்றிமணி அளவும் இல்லை! காற்றில் 10,000 பங்குக்கு 4 பங்கு அளவே இருக்கும் கரியமில வாயுவை இலைகள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததுதான், நீங்கள் வாளியில் சுமந்த பால்.

அப்படியானால் உரம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அடுப்பு கட்டச் செங்கல் வேண்டும் அல்லவா? இலையைக் கட்டவும் பச்சையத்தைக் கட்டவும் தழைச்சத்தும் மக்னீசியமும் வேறு சில உப்புகளும் சிறிதளவு வேண்டும். அவை மண்ணிலிருந்துதான் வரவேண்டும். வான் ஹெல்மான்டின் தொட்டியில் குறைந்த அந்த 2 அவுன்ஸைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

விடியுமுன் ஏன் மரம் சீவப் போகிறோம் என்பதற்கும் இலையே காரணம். வெயில் ஏறியதும், காற்றை உள்ளே இழுக்க இலையின் நுண்துளைகள் திறக்கின்றன. அதே துளைகள் வழியாக நீர் ஆவியாகிப் போகிறது. அதனால் மரத்துக்குள் நீரின் அழுத்தம் குறைந்து, பால் ஓடும் வேகமும் குறைகிறது. இரவெல்லாம் துளைகள் மூடியிருக்க, வேர் இழுத்த நீர் மரத்தில் நிறைந்து நிற்கும். ஆகவே விடியற்காலையில் பால் நன்றாகப் பாயும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், ஐந்து மணிக்கு நிரைக்குள் நுழைந்த தாய்மார்கள் இந்தக் காரணத்தை எந்தப் புத்தகத்திலும் படித்தவர்களல்லர். மரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

சரி, இலையுதிர் காலத்துக்கு வருவோம். ஆண்டுத் தொடக்கத்தில் வறட்சி வரும்போது நம் வட பகுதியில் பால்மரங்கள் இலையை உதிர்க்கின்றன. அப்போது அடுப்பு அணைந்துவிடுகிறது. பிறகு செந்நிறத் தளிர் விடுகிறது. தளிர் இன்னும் சமைக்கத் தெரியாத குழந்தை. முற்றிப் பச்சையாகும் வரை மரம் சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தைத் தின்றுதான் வளர வேண்டும். அதனால் இலை கொட்டும்போது மட்டுமின்றி, தளிர் விடும்போதும் பால் குறையும். எவ்வளவு திறமையான கை சீவினாலும் குறையும். அந்த நேரத்தில் தளிரைப் பூஞ்சை நோய் தாக்கி மீண்டும் உதிர்த்துவிட்டால், துன்பம் இரட்டிப்பாகும்.

இதற்கு ஓர் உலகச் சான்றும் உண்டு. மோட்டார் வண்டி முதலாளி ஹென்றி ஃபோர்டு, தமக்கு வேண்டிய ரப்பரைத் தாமே விளைவிக்க எண்ணி, 1928இல் பிரேசில் காட்டில் பெருந்தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். பால்மரத்தின் தாய்நாடே பிரேசில்தான். பணத்துக்கும் குறைவில்லை. ஆனால் அந்நாட்டில் இலையைத் தாக்கும் ஒரு கொடிய பூஞ்சை நோய் இருந்தது. நெருக்கமாக நட்ட மரங்களில் அது பரவி இலைகளை உதிர்த்துவிட்டது. இலை இல்லை, எனவே பாலும் இல்லை. 1945இல் ஃபோர்டு நிறுவனம் பெரும் நட்டத்தோடு அந்தத் தோட்டத்தை விட்டு வெளியேறியது. அந்த நோய் கடல் கடந்து இங்கே வராததனால்தான் மலாயாவின் தோட்டங்கள் தழைத்தன. உலகப் பெருஞ்செல்வரை இலை தோற்கடித்தபோது, அது வானிலையின் குற்றம், பூஞ்சையின் குற்றம் என்று எழுதினார்கள். நம் தோட்டத்தில் இலை உதிர்ந்தபோது, "உளி தூங்குதா?" என்று கேட்டார்கள்.

பின்னர் போர்க்காலம் வந்தது. 1941 டிசம்பரில் பினாங்கில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. ரப்பரை வாங்க ஆளில்லை. அரிசி கிடைக்கவில்லை. தோட்டத்து ஆண்கள் பலர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. லயத்தில் எஞ்சியிருந்தவர்களின் உயிரைக் காத்தது மரவள்ளிக்கிழங்கு. வீட்டைச் சுற்றிக் குச்சியை ஊன்றினால் போதும். கைபோல விரிந்த அதன் இலைகள் வெயிலைச் சமைத்து, மாவுச்சத்தாகக் கிழங்கில் இறக்கி வைக்கும். சாக்ஸ் தம் ஆய்வுக்கூடத்தில் இலையில் கண்ட அதே மாவுச்சத்துதான் நம் பாட்டிமார்களின் சட்டியில் வெந்தது.

அந்த ஆண்டுகளில்தான் ஒளிச்சேர்க்கை ஆய்வும் பெரிய அடி எடுத்து வைத்தது. அமெரிக்காவில் ரூபன், கேமன் என்ற இளம் அறிஞர்கள் 1940இல் கார்பன் 14 என்ற கதிர்வீச்சுக் கரியைக் கண்டுபிடித்தார்கள். செடி வெளிவிடும் பிராணவாயு கரியமில வாயுவிலிருந்து வருவதன்று, தண்ணீரிலிருந்து பிரிவது என்பதை 1941இல் ரூபன் குழுவினர் காட்டினார்கள். போர் சம்பந்தமான ஓர் ஆய்வில் நச்சுவாயு பட்டு 1943இல் ரூபன் இறந்தார். அவருக்கு வயது 29தான். போருக்குப் பிறகு மெல்வின் கால்வின் என்பவர், பென்சன், பாஷம் ஆகியோருடன் சேர்ந்து, அதே கார்பன் 14ஐப் பாசிக்கு ஊட்டி, கரி ஒவ்வொரு படியாகச் சர்க்கரையாகும் வழியைக் கண்டார். 1961இல் கால்வினுக்கு நோபல் பரிசு கிடைத்தது. காற்றிலிருந்து கரியைப் பிடித்தவுடன் இலையில் முதலில் உண்டாகும் பொருளில் மூன்று கரி அணுக்கள் இருக்கும் என்பது அவர்களின் முடிவு. நெல், பால்மரம், செம்பனை எல்லாம் இந்த வகைதான்.

ஆனால் ஒரு செடி மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. எது தெரியுமா? நம் முன்னோர்கள் செபராங் பிறையில் நட்ட அதே கரும்பு! ஹவாய்த் தீவின் கரும்பு ஆய்வு நிலையத்தில் கோர்ட்சாக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கரும்பிலையைச் சோதித்தபோது, முதலில் தோன்றிய பொருள்களில் நான்கு கரி அணுக்கள் இருந்தன. அதை 1965இல் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966 முதல் அதன் காரணத்தை விளக்கினார்கள். கரும்பிலையில் இரண்டு அறைகள் போன்ற அமைப்பு உண்டு. வெளியறை கரியமில வாயுவைப் பிடித்து உள்ளறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. உள்ளறை அதை வீணாக்காமல் சமைக்கிறது. மற்றச் செடிகள் கடும் வெப்பத்தில் தடுமாறி, பிடித்த கரியில் ஒரு பகுதியை இழந்துவிடுகின்றன. கரும்பும் சோளமும் அவ்வாறு இழப்பதில்லை. எரிக்கும் வெயிலில் மனிதன் சோர்ந்து விழுந்தபோதும் கரும்பு செழித்து நின்றதன் இரகசியம் இதுதான். நெல்லுக்கும் இந்தத் திறமையை ஊட்ட முடியுமா என்று பல நாட்டு அறிஞர்கள் முயன்று வருகிறார்கள்.

கரும்பு போய், பால்மரமும் பெரும்பாலும் போய், இப்போது எங்கு நோக்கினும் செம்பனை நிற்கிறது. 1917இல் கோலசிலாங்கூருக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. குலையிலுள்ள எண்ணெயும் மட்டைகள் சமைத்ததுதான். அதனால்தான் குலை வெட்டும் கை கண்டபடி மட்டையைக் கழிப்பதில்லை. எந்த மட்டையை வெட்டலாம், எதை விட வேண்டும் என்று அது அறியும். மட்டையை மிகுதியாக வெட்டினால் பின்னர் வரும் குலைகள் சிறுக்கும். 1997இல் காட்டுத்தீப் புகை நம் வானத்தை மூடியபோது, மனிதர் மூச்சுத் திணறினர். மரங்களின் இலைமேல் விழுந்த வெளிச்சமும் குறைந்தது.

நேயர்களே, இந்த வரலாற்றில் நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விளைச்சல் இரண்டு உழைப்பால் வருகிறது. ஒன்று இலையின் உழைப்பு, மற்றொன்று தொழிலாளியின் உழைப்பு. இலை வேலை செய்யாத நாளில் தொழிலாளியின் கை என்ன செய்தாலும் பால் பெருகாது. அப்படியிருக்க, பாலின் எடையைப் பார்த்துக் கூலி கொடுத்த காலத்தில், இலையுதிர்வின் நட்டமும் மழையின் நட்டமும் லயத்துக் குடும்பங்களின் சோற்றுப் பானையில் வந்து விழுந்தன. 1954இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் மாதச் சம்பளம் வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டு வந்ததன் நியாயம் இதில் இருக்கிறது. வானமும் இலையும் செய்வதற்குக் கூலிக்காரன் அபராதம் கட்டலாகாது என்பதே அந்தக் கோரிக்கையின் உட்பொருள். குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாகி நடப்புக்கு வந்தது 2013இல்தான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். பால்மரத்தைப் படத்தில் மட்டுமே பார்க்கும் பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களைத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு அழைத்துப் போகும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அருகிலேயே 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவர் பொறுப்பேற்று உருவாக்கிய தாவரத் தோட்டம் இருக்கிறது. ஒரு நாள் அங்கேயும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு மரத்தின் கீழ் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். "உன் பாட்டி சுமந்த பால் அங்கே சமைத்தது" என்று இலையைக் காட்டுங்கள்.

என் தாயாரிடம் இந்தப் பாடத்தை ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். கரியமில வாயு, பச்சையம், கார்பன் 14 எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்போ அன்னைக்கு நான் சரியாத்தான் சீவியிருக்கேன்" என்றார். ஆம் அம்மா, சரியாகத்தான் சீவினீர்கள் என்றேன். உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்தில் மரம் சீவிய தாயோ பாட்டியோ இருந்தால், இன்றே அவரிடம் இதைச் சொல்லுங்கள்.